வீடு சொந்தம், கையில் காசில்லை: தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டிலிருந்து மாதப் பணம் பெறும் வழிகள்

மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ 60 லட்ச ரூபாய் ப்ளாட்டில் தனியாக இருக்கிறார் ஓர் அம்மா. கணவர் வேலை பார்த்த தனியார் கம்பெனி வழியாக வரும் பி.எஃப். பென்ஷன் மட்டும்தான் வருமானம். அந்த பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகையான 1,200 ரூபாய்க்கு மனு போட்டால், சொத்து மதிப்பு வரம்பைக் காட்டித் தள்ளிவிடுவார்கள். ஏட்டில் அவர் சொத்துக்காரர். நடப்பில் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்பவர். சென்னையின் பழைய குடியிருப்புகளில் இப்படிப்பட்டவர்கள் மாடிக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

"வீட்டை வைத்து ஏதாவது செய்யலாமே" என்று பலரும் சொல்வார்கள். என்ன செய்வது என்பதற்கு முன்னால் எவ்வளவு தேவை என்று தெரிய வேண்டும். ஒரு தாளில் மாதச் செலவைப் போடுங்கள். மளிகை, காய்கறி, பால், கேஸ் 6,000, மருந்து 3,000, அசோசியேஷன் மெயின்டெனன்ஸ் 2,500, கரண்ட், போன் 1,000, வேலைக்கு வருபவருக்கு 1,500. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியையும் குடிநீர் வரியையும் மாதக் கணக்காக்கி 500 சேர்த்தால் 14,500. வரவு 3,000 என்றால் துண்டு விழுவது 11,500. இந்த எண்தான் வழியைத் தீர்மானிக்கும். மாதம் 5,000 துண்டு விழுபவருக்கும் 15,000 துண்டு விழுபவருக்கும் ஒரே மருந்து கிடையாது.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் கணக்கு

2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. நெறிமுறைகளை வகுத்தது தேசிய வீட்டுவசதி வங்கி. வீட்டை வங்கியில் அடமானம் வைத்தால் வங்கி மாதாமாதம் பணம் கொடுக்கும். ஈ.எம்.ஐ. கிடையாது. உரிமையும் குடியிருப்பும் நம்மிடமே இருக்கும். கடைசியாக உயிரோடு இருக்கும் கடன்தாரர் காலமான பிறகோ, நிரந்தரமாக வீட்டை விட்டுப் போன பிறகோதான் வங்கி கணக்கு முடிக்கும். வயது 60 ஆகியிருக்க வேண்டும். தம்பதியாகச் சேர்ந்தால் ஒருவருக்கு 60, மற்றவருக்கு 55. வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் மாறும். வருகிற பணம் கடன் என்பதால் வருமான வரி இல்லை.

பலரும் ஏமாறுவது தொகையில்தான். 60 லட்ச ரூபாய் வீடு என்றால் 60 லட்சத்தைப் பிரித்துத் தருவார்கள் என்று நினைக்கிறார்கள். வங்கி முதலில் வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம்தான் என்று ஒரு வரம்பு வைக்கும். இங்கே 80 என்று வைத்துக்கொள்வோம். அந்த 48 லட்சம் என்பது, கொடுக்கும் பணமும் அதன்மேல் ஏறும் கூட்டுவட்டியும் சேர்ந்து தவணை (பணம் தரும் மொத்தக் காலம்) முடிவில் எட்ட வேண்டிய தொகை. வட்டி 11 சதவீதம் என்றால் 10 வருடத் தவணைக்கு மாதம் சுமார் 22,100 கிடைக்கும். 15 வருடத்துக்கு 10,550. 20 வருடத்துக்கு வெறும் 5,550.

15 வருடக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். கையில் வந்தது மொத்தம் 19 லட்சம். மீதி 29 லட்சம் வட்டி. ஈ.எம்.ஐ. கட்டாததால் வட்டிமேல் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை, கூட்டுவட்டியின் குணமே அப்படித்தான். ஆனால் இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே விளக்காமல் கையெழுத்துப் போட்டால் பிற்பாடு பெரிய சண்டை வரும்.

ஆகவே 62 வயதில் இதற்குள் நுழைவது பெரும்பாலும் வீண். 20 வருடத் தவணை போட்டு மாதம் 5,550 வாங்குவதைவிட, ஓர் அறையை வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும். 74, 75 வயதுக்கு மேல், 10 முதல் 15 வருடத் தவணையில்தான் தொகை உபயோகமாக இருக்கும். தவணை முடிந்ததும் மாதப் பணம் நின்றுவிடும். ஆனால் வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். 75 வயதில் 10 வருடத் தவணை எடுத்தவர் 85 வயதுக்குப் பிறகு எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதற்கும் இன்றைக்கே பதில் வேண்டும். எடுப்பதில் ஒரு பங்கை அஞ்சலக சேமிப்பில் ஒதுக்க முடியாதவர்கள் 15 வருடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாதாமாதம்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. காலாண்டு, அரையாண்டு, ஆண்டுக்கு ஒருமுறை என்றும் வாங்கலாம். தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் கடன் வரம்பாகவும் வைத்துக்கொள்ளலாம். துண்டு விழுவது குறைவாக இருந்து, ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றித்தான் பயம் என்றால் கடன் வரம்புதான் சரி. எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி ஏறும். மருத்துவத்துக்கு மொத்தமாக எடுக்க வேண்டுமானால் உங்களுக்குத் தகுதியுள்ள மொத்தக் கடன் தொகையில் பாதி, அதுவும் 15 லட்சத்துக்குள் என்பது நெறிமுறை. பேரனின் வியாபாரத்துக்கு இந்தப் பணத்தைக் கொடுப்பது விதியிலேயே கிடையாது.

வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்று கேளுங்கள். வீட்டை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்வார்கள், மாதத் தொகை அப்போது மாறலாம். கணக்கை நடுவில் முடிக்க நினைத்தால் அபராதம் இல்லை. இவை எல்லாவற்றையும் வாயால் சொல்வதைக் கேட்டு நம்பாமல் வங்கி தரும் கடன் அனுமதிக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிளையில் கேட்டால் "அப்படி ஒரு ஸ்கீமே இல்லை" என்று சொல்லக்கூடும், ஏனென்றால் அங்கே வருடத்துக்கு ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை. வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்க்கும் மைய அலுவலகம் எங்கே என்று விசாரித்து நேராக அங்கே போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பேப்பர்தான் முதல் தடை

சென்னையில் இந்த விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது வட்டியிலோ வயதிலோ அல்ல, பத்திரத்தில்தான். வங்கிப் பக்கம் போவதற்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை என்பதால், கையில் காசு தீர்வதற்கு முன்பே ஆரம்பிப்பது உத்தமம்.

தனியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் விதவைகள். வீடு இன்னும் காலமான கணவர் பெயரிலேயே இருக்கும். சொத்து வரி ரசீதைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டதால் வீடும் தன் பெயருக்கு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. கணவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், கணவரின் தாயார் உயிரோடிருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. மூன்று பிள்ளைகள் என்றால் அம்மாவுக்கு நாலில் ஒன்றுதான். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகள் எல்லோரும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தன் சார்பில் இங்கே கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. திட்டம் சுயசம்பாத்திய வீடு என்று சொல்கிறது. விடுதலைப் பத்திரம் வழியாக வந்ததை எப்படிப் பார்ப்பது என்பதில் வங்கி வக்கீல்கள் ஒரே மாதிரி இல்லை. கட்டணம் கட்டுவதற்கு முன் நகல்களைக் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள்.

சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். வீடு வாங்கிய காலத்தில் இருந்த சார்பதிவாளர் அலுவலகம் ஒன்று, இப்போது அந்தத் தெரு சேர்ந்திருப்பது இன்னொன்று என்பது சென்னையில் சகஜம். இரண்டிலும் போட்டுப் பார்க்காவிட்டால் நடுவில் சில வருடங்கள் காலியாகத் தெரியும், வக்கீல் திருப்பி அனுப்புவார். 1990-களில் வாங்கிய வீட்டுக்கடனைக் கட்டி முடித்திருப்பார்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். வில்லங்கத்தில் அந்தக் கடன் உயிரோடு நிற்கும். கடன் கொடுத்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருந்தால் இப்போதைய நிறுவனத்திடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

ப்ளாட்டுக்குத் தனிப் பட்டா பெரும்பாலும் இருக்காது. யூ.டி.எஸ். (மனையில் உங்கள் ப்ளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி என்று விற்பனைப் பத்திரத்தில் இருப்பதைப் பாருங்கள்; எல்லா ப்ளாட்டுகளின் யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மொத்த மனை அளவுக்குச் சமமாக வர வேண்டும். மிஞ்சிய பங்கை பில்டர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்ட பழைய கட்டடங்கள் உண்டு. அனுமதி வாங்கிய பிளானில் இல்லாத மூன்றாவது மாடியில் வீடு இருந்தால், வங்கி அந்தப் பக்கமே வராது.

வீட்டுவசதி வாரிய வீடுகள் தனிக் கதை. கே.கே. நகர், அசோக் நகர், அண்ணா நகர், பெசன்ட் நகரில் ஒதுக்கீட்டு ஆணையும் தவணை கட்டிய ரசீதுகளும் பீரோவில் பத்திரமாக இருக்கும். விற்பனைப் பத்திரம் மட்டும் வாங்கியிருக்க மாட்டார்கள். அது பதிவாகும் வரை சட்டப்படி வீடு வாரியத்துடையது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் கோயில் மனையில் கட்டிய வீடு என்றால் கட்டடம் மட்டும்தான் உங்களுடையது. அதற்கு இந்த வழி இல்லை, அலைய வேண்டாம்.

இன்னொரு தடை கட்டடத்தின் ஆயுள். வீடு இன்னும் 20 வருடமாவது தாங்க வேண்டும் என்பது நெறிமுறை. கடலோரப் பகுதியில் 1980-களில் கட்டிய அடுக்குமாடியில் மொட்டைமாடி ஸ்லாப்பில் காரை உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் மதிப்பீட்டாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார். சந்தையில் 90 லட்சம் பேசும் ப்ளாட் அவர் கணக்கில் 60 ஆகும், அல்லது விண்ணப்பமே நிற்கும். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்பே அசோசியேஷனிடம் பேசி ஒழுகல், கம்பி தெரியும் இடங்களைப் பூசவைத்து, சார்ட்டர்ட் இன்ஜினியரிடம் கட்டட உறுதிச் சான்று வாங்கி வைத்தால் பேச்சுக்கு இடம் கிடைக்கும். கட்டடம் நிஜமாகவே முடிந்துபோய்விட்டது, எல்லோரும் இடித்துக் கட்டப் பேசுகிறார்கள் என்றால் கடன் வேண்டாம். யூ.டி.எஸ். அதிகமாக உள்ள வீட்டில் பில்டரிடம் மாற்று வீட்டு வாடகையும் ரொக்கமும் பேசி வாங்குவதில் கூடுதல் லாபம் இருக்கிறது.

வாடகை, லீஸ்

தனி வீடோ, இரண்டு படுக்கையறை ப்ளாட்டோ இருந்து, துண்டு விழுவது 8,000-க்குள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வாடகை. ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுத்துவிட்டால் வீட்டில் ஒரு பகுதியைக்கூட வாடகைக்கு விடக் கூடாது; விட்டால் கடனை உடனே திருப்பிக் கேட்கும் காரணங்களில் அதுவும் ஒன்று. அதனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். வாடகை ஒத்துவராவிட்டால் பிற்பாடு கடனுக்குப் போகலாம். கடனை எடுத்த பிறகு வாடகைக்கு வர வேண்டுமானால் கடனை முழுக்கக் கட்ட வேண்டும்.

லீஸ் என்று நம் ஊரில் சொல்வது, ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது. கீழ்த்தளத்தை 8 லட்சத்துக்கு லீஸுக்கு விட்டு, அந்தப் பணத்தை அப்படியே அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 16,400, மாதக் கணக்கில் 5,466 ரூபாய். 60 லட்ச வீட்டுக்கு 20 வருட ரிவர்ஸ் மார்ட்கேஜ் தருவதும் ஏறக்குறைய இதேதான். வித்தியாசம், இதில் அசல் குறையவில்லை. ஆனால் அந்த 8 லட்சம் உங்கள் பணம் அல்ல, லீஸ் முடியும் நாளில் முழுசாகத் திருப்ப வேண்டிய பணம். அதில் இரண்டு லட்சத்தை மகளின் வீட்டு விசேஷத்துக்கு எடுத்தவர்கள், குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியாமல் அடுத்த லீஸ்காரரைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

சேமிப்புத் திட்டத்தின் காலம் ஐந்து வருடம். ஒரு வருடத்துக்குப் பிறகு முன்கூட்டியே முடித்தால் 1.5 சதவீதமும், இரண்டு வருடத்துக்குப் பிறகு 1 சதவீதமும் அசலில் பிடிப்பார்கள். லீஸ் காலத்தை இரண்டு வருடத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் காலமானால் தொகையை எந்தக் கணக்கிலிருந்து யார் திருப்புவது என்று ஒரு வரி சேர்த்து, அந்தக் கணக்குக்கு நாமினி போட்டுவிடுங்கள். போக்கியம் என்று எழுதிப் பதிந்தால் அது வேறு: வில்லங்கத்தில் அடமானமாக ஏறும், அனுபவ உரிமையும் கைமாறும். அது தீரும் வரை வங்கி எதையும் பார்க்காது.

விற்றுவிட்டுப் புறநகரில் சின்ன வீடு வாங்குவது கணக்கில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும். 60 லட்சத்துக்கு விற்று 30 லட்சத்துக்கு வாங்கி, மிச்சம் 30 லட்சத்தை அதே அஞ்சலகத் திட்டத்தில் போட்டால் (உச்சவரம்பும் அதுதான்) காலாண்டுக்கு 61,500 வரும். பத்திரச் செலவும், லாபத்தில் வீட்டில் போடாத பங்குக்கு வரியும் இதில் கழியும். ஆனால் நாற்பது வருடம் பழகிய மருந்துக்கடையும், இரவில் கதவைத் தட்டினால் வரும் எதிர்வீட்டுக்காரரும் ஊரப்பாக்கத்தில் இருக்க மாட்டார்கள். தனியாக இருப்பவருக்கு அது சின்ன இழப்பு அல்ல. மகனோ மகளோ அந்தப் பக்கம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கையெழுத்துப் போடக் கூடாதவை

"வீட்டை என் பெயருக்கு எழுதி வைத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதற்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக்கொடுத்தால் அன்றோடு உரிமை போனது. தனியாகப் போய் ரத்துப் பத்திரம் போட்டுவிட முடியாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையும், அடிப்படை வசதிகளையும் பராமரிப்பையும் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ஆம் பிரிவின்படி, பராமரிப்பு கிடைக்காதபோது கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாமல் பாசத்தால் கொடுத்தது என்று மட்டும் இருந்தால் வழக்கு இழுபறியாகும்.

சொத்தின்மேல் கடன் என்று ஃபைனான்ஸ் கம்பெனிகள் தருவது ரிவர்ஸ் மார்ட்கேஜ் அல்ல. அதில் அடுத்த மாதமே ஈ.எம்.ஐ. ஆரம்பிக்கும். வருமானமில்லாதவர் வாங்கிய கடனிலேயே சில மாதங்கள் ஈ.எம்.ஐ. கட்டிவிட்டு, பிறகு ஏல நோட்டீஸைப் பார்ப்பார். தனிநபர்கள் கடனுக்கு ஈடாக விற்பனை ஒப்பந்தமும் பவரும் பதிவு செய்து கேட்பார்கள். விற்கும் அதிகாரம் உள்ள பவரை யாருக்கும், சொந்த அண்ணன் மகனுக்கும், கொடுக்க வேண்டாம். இதற்குள் சிக்கியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம்; பெண்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

எடுத்த பிறகு

ரிவர்ஸ் மார்ட்கேஜில் மாதம் 10,550 வருகிறது என்றால் முழுவதையும் செலவுக்கு வைக்க முடியாது. சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, ரிப்பேர் எல்லாம் கடன்தாரர் பொறுப்பு. சொத்து வரி பாக்கி விழுந்தால் அது ஒப்பந்த மீறல். வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 1,000 ரூபாய் தனியாக ஒரு ஆர்.டி.க்குப் போகும்படி செய்துவிட்டால் வரி கட்டும் மாதத்தில் கை கடிக்காது.

தொடர்ந்து ஒரு வருடம் வீட்டில் இல்லாவிட்டால் நிரந்தரமாகப் போய்விட்டதாகக் கொள்வார்கள். இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டில் எட்டு மாதம் இருக்க நேர்ந்தால், எங்கே இருக்கிறார், எப்போது திரும்புவார் என்று கிளைக்கு எழுதிக்கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி வையுங்கள். முதியோர் இல்லத்துக்கே போவதாக இருந்தால் கடன் முடிவுக்கு வரும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் போக வேண்டும்.

ஆவணங்களில் கையெழுத்தான பிறகு மனம் மாறினால், மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்று நெறிமுறை சொல்கிறது. பணம் வந்திருந்தால் திருப்ப வேண்டும். அந்த மூன்று நாளும் ஊரில் இருக்கும் பிள்ளைகளிடம் அனுமதிக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள்.

கடன்தாரரின் காலத்துக்குப் பிறகு வங்கி முதலில் வாரிசுகளைத்தான் கேட்க வேண்டும். அசல், வட்டி எல்லாம் கட்டினால் பத்திரம் அவர்களுக்கு. கட்டாவிட்டால் வீட்டை விற்று, கடன்போக மிச்சத்தைக் கொடுப்பார்கள். விற்ற தொகை கடனைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை வாரிசுகளிடம் கேட்க முடியாது. அவகாசம் இரண்டு மாதம் அளவில்தான் இருக்கும், வெளியூரில் இருப்பவர்களுக்கு அது போதாது. உயில், வங்கிக் கடன் எண், அனுமதிக் கடிதம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரு கவரில் போட்டு, சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று, பிள்ளையிடம் ஒன்று கொடுத்து வையுங்கள்.